உள்ளே உளுத்துப்போகும் எலும்புகள்

சென்ற ஆண்டு வன்னியில் மீள்குடியேறிய கிராமம் ஒன்றில் நோயாளரைச் சந்திக்கச் சென்றிருந்தோம். ஒரு வீட்டு விறாந்தையில், பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தார் ஓர் அம்மா. வயது அறுபத்தெட்டு. மூன்று மாதங்களுக்கு முன் கிணற்றடியில் வாளியைத் தூக்கும்போது முதுகில் ‘சடக்’ என்று ஒரு நோ கண்டிருக்கிறது. அவர் விழவில்லை, எங்கும் அடிபடவுமில்லை. வாதம் என்று நினைத்து எண்ணெய் பூசினார்கள், ஒத்தணம் கொடுத்தார்கள், நோக்குளிசை வாங்கிக் கொடுத்தார்கள். நோ மாறவில்லை. ஈற்றில் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, முதுகெலும்பில் இரண்டு முள்ளெலும்புகள் நசிந்துபோயிருந்தன.

இந்த அம்மா 1990களில் இரண்டு தடவையும், 2008, 2009ஆம் ஆண்டுகளில் எண்ணிச் சொல்ல முடியாத தடவையும் இடம்பெயர்ந்தவர். முகாமில் இருந்து 2011இல் காணிக்குத் திரும்பி, பற்றை வெட்டி, கிணறு இறைத்து, மீண்டும் தோட்டம் செய்தவர். அவர் எம்மிடம் சொன்னார்: “செல்லடிக்குள்ளாலை பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு ஓடேக்கை உடையாத முதுகு, ஒரு வாளித் தண்ணிக்கு உடைஞ்சு போச்சே சுவாமி.”

அந்தக் கேள்விக்கு அன்று எம்மிடம் ஒழுங்கான பதில் இருக்கவில்லை. பின்னர் வைத்தியர்களிடம் கேட்டும் வாசித்தும் அறிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறோம். முதுகு உடைந்தது அந்த வாளியால் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். வாளியைத் தூக்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே அந்த எலும்பு உள்ளுக்குள் உளுக்கத் தொடங்கிவிட்டது.

நோவில்லாத நோய்

ஆங்கில வைத்தியத்தில் இதனை ஒஸ்ரியோபொரோசிஸ் என்பர். தமிழில் எலும்புத்துளை நோய் எனலாம். எலும்பின் உட்புறம் தேன்கூடு போன்றது. மெல்லிய சுவர்களும் இடையிடையே சிறு அறைகளுமாக இருக்கும். இந்நோயில் சுவர்கள் மெலிந்து, சில அறுந்து, அறைகள் பெருத்துவிடுகின்றன. வெளியே பார்த்தால் எலும்பு எலும்பாகவே இருக்கும். உளுத்த வளையும் வெளியே பார்த்தால் நல்ல வளையாகத்தானே தெரிகிறது.

எமது மக்கள் ‘எலும்புத் தேய்மானம்’ என்று சொல்வது பெரும்பாலும் வேறொரு வருத்தத்தை. முழங்கால் மூட்டுத் தேய்ந்து, நடக்க நோகும், வீங்கும், மாடிப்படி ஏற முடியாமல் இருக்கும். அது மூட்டு வருத்தம். எலும்புத்துளை நோயோ முறியும் வரை நோவதில்லை. நோ இல்லாததால் எவரும் வைத்தியரிடம் போவதில்லை. முறிந்த பின்னரே தெரியவருகிறது. அப்போதும் முறிவுக்கு வைத்தியம் செய்துவிட்டு, முறிந்ததன் காரணத்தைக் கேளாமல் வீட்டுக்கு வந்துவிடுகிறோம்.

முறிவது பெரும்பாலும் மூன்று இடங்களில். விழும்போது கையை ஊன்றுவதால் மணிக்கட்டு, பாரம் தூக்குவதாலோ குனிவதாலோ முள்ளெலும்பு, பக்கவாட்டில் விழுவதால் இடுப்போடு சேரும் தொடையெலும்பு. பனையில் இருந்து விழுந்து கால் முறிந்தால் அது விபத்து; எவருடைய எலும்பும் முறியும். நின்ற நிலையில் சறுக்கி விழுந்தோ, கட்டிலால் விழுந்தோ ஒருவருக்கு எலும்பு முறிந்தால், அந்த எலும்பில் ஏதோ குறை இருக்கிறது என்றே கொள்ளவேண்டும். உலக அளவில், ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களில் மூவரில் ஒருவருக்கும் ஆண்களில் ஐவரில் ஒருவருக்கும் எஞ்சிய வாழ்நாளில் இப்படி ஒரு முறிவு ஏற்படும் என்பது வைத்திய உலகின் கணக்கு. ஆகவே இது பெண்களின் நோய் மட்டுமல்ல.

முள்ளெலும்பு நசிவதே மிகவும் ஏமாற்றுவது. அதிலும் பல சத்தமில்லாமல் நடக்கும். ஒன்று நசிந்தால் உயரம் சிறிது குறையும். இரண்டு மூன்று நசிந்தால் முதுகு வளையும். அதைத்தான் நாம் கூன் என்கிறோம். ‘வயது போனால் கூனத்தானே வேணும்’ என்று சொல்லி விட்டுவிடுகிறோம். லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் பதினெட்டு ஆண்டுகள் நிமிர முடியாமல் இருந்த ஒரு பெண்ணைப்பற்றி வருகிறது. அவருக்கு இருந்தது எந்த நோய் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தத் தொழுகைக்கூடத்தில் இருந்தவர்கள் அத்தனை காலமும் அவரைப் பார்த்துப் பழகிப்போயிருந்தார்கள். ஆண்டவர்தான் அவரை அழைத்தார். எமது கோயில்களிலும் பின்வரிசையில் அப்படிச் சிலர் இருக்கிறார்கள். நாமும் பழகிப்போய்விட்டோம்.

விதைநெல்லைக் குற்றிச் சாப்பிடுதல்

எலும்பு கல்லைப் போன்ற உயிரற்ற பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். அது உயிருள்ளது. கிடுகால் வேய்ந்த வீட்டை நினைத்துப் பாருங்கள். பழைய கிடுகைப் பிடுங்குவதும் புதியதைக் கட்டுவதுமாக வீடு நிற்கிறது. எலும்பிலும் பழையதை அரித்து எடுக்கும் கலங்கள் ஒருவகை, புதிதாகக் கட்டும் கலங்கள் இன்னொருவகை. வளர்ந்த ஒருவருடைய எலும்புகளில் பத்தில் ஒரு பங்கு அளவு ஆண்டுதோறும் இவ்வாறு புதுப்பிக்கப்படுகிறது. சிறுவயதில் கட்டுபவர் கை ஓங்கியிருக்கும். நடுவயதில் இருவரும் சமமாக வேலை செய்வர். அதன்பின் பிடுங்குபவர் முந்திவிடுவார்.

உடலில் உள்ள கல்சியத்தில் 99 வீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. எஞ்சிய ஒரு வீதமே இரத்தத்திலும் தசைகளிலும் உண்டு. ஆனால் அது இல்லாவிட்டால் இதயம் துடிக்காது, தசை சுருங்காது. ஆகவே சாப்பாட்டில் கல்சியம் போதாத நாளில் உடல் எலும்பில் இருந்து எடுத்துக்கொள்ளும். எமக்கு இது விளங்காத விடயமல்ல. பஞ்ச காலத்தில் கொம்பறையில் இருக்கும் விதைநெல்லை எடுத்துக் குற்றிச் சாப்பிடுவதுதான். அன்றைய பசி தீரும்; அடுத்த போகத்துக்கு விதை இராது. உடல் இப்படிச் செய்யும்போது எமக்கு ஒன்றும் தெரிவதில்லை. இரத்தத்தைச் சோதித்தாலும் கல்சியம் சரியாகவே இருக்கும், ஏனெனில் எலும்புதான் கொடுத்துக்கொண்டிருக்கிறதே.

பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் வயதில் இது வேகமெடுக்கிறது. பெண்மைக்குரிய ஈஸ்திரோஜன் என்னும் சுரப்பு, பிடுங்குபவரைக் கட்டுக்குள் வைத்திருந்தது. அது குறைந்ததும் அடுத்துவரும் ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்குள் எலும்பு விரைவாகக் குறையும். நாற்பத்தைந்து வயதுக்கு முன் மாதவிடாய் நின்றவர்களும், சத்திரசிகிச்சையில் சூலகங்கள் இரண்டும் அகற்றப்பட்டவர்களும் இன்னும் முன்னதாகவே கவனமெடுக்க வேண்டும். நிறையப் பிள்ளை பெற்றுப் பால் கொடுத்ததால்தான் எலும்பு போய்விட்டது என்று சில தாய்மார் சொல்வர். பால் கொடுக்கும் மாதங்களில் எலும்பில் இருந்து கல்சியம் எடுபடுவது உண்மை. ஆனால் பால் மறக்கடித்தபின் பெரும்பாலும் அது திரும்பச் சேர்ந்துவிடும். இந்தக் காரணத்தைச் சொல்லித் தாய்ப்பாலைக் குறைக்க வேண்டாம்.

முகாம்களில் இழந்தது

கொம்பறையை நிரப்பும் காலம் பிள்ளைப் பருவமும் இளமையுமே. ஒருவர் வாழ்நாளில் அடையக்கூடிய எலும்புத் திண்மையில் ஏறத்தாழ 90 வீதம் பதினெட்டு, இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. முப்பதுக்குப் பின் சேர்ப்பது மிக அரிது, இருப்பதைக் காப்பாற்றலாம்.

இதை வாசித்தபோது எமக்கு நெஞ்சு பாரமாகியது. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் வளர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர்? பால்மா அருமையாய் இருந்த காலம். நலன்புரி நிலையங்களில் நிவாரணம் என்றால் அரிசி, மா, பருப்பு, சீனி. வெள்ளை அரிசிச் சோறும் பருப்பும் மட்டும் உண்டால் ஒரு நாளைக்கு 150 மில்லிகிராம் கல்சியம் சேர்வதே கடினம். வளர்ந்த ஒருவருக்கு வேண்டியது 1,000 மில்லிகிராம் அளவில். வளரும் பிள்ளைக்கும், மாதவிடாய் நின்ற பெண்ணுக்கும் 1,300 வரை. வயிறு நிறைந்தது, எலும்பு பட்டினி கிடந்தது. நிவாரணம் பங்கிட்டவர்களுள் நாமும் இருந்தோம். கலோரிக் கணக்குப் பார்த்தோம். எலும்பைப்பற்றி எவரும் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை.

அந்தக் காலத்துப் பிள்ளைகள் இன்று நாற்பதுகளில் இருக்கிறார்கள். பெண்கள் மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்குகிறார்கள். அவர்களுடைய கொம்பறை முழுவதும் நிரம்பியிருக்க வாய்ப்புக் குறைவு. ஆகவே நாற்பது வயதில் இருக்கும் சகோதரிகள் இக்கட்டுரையை ஆச்சிமாருக்கென்று ஒதுக்கிவைக்க வேண்டாம். 2009இல் முகாமில் குழந்தைகளாகவும் சிறுவராகவும் இருந்தவர்களுக்கோ இன்னும் முப்பது ஆகவில்லை. அவர்களுக்குக் காலம் இருக்கிறது.

சாப்பாட்டைப்போலவே இன்னொன்றும் முகாமில் போய்விட்டது. அது வேலை. எலும்பு பாரத்தைச் சுமந்தால்தான் திடப்படும். விண்வெளியில் பாரமில்லாமல் மிதந்து திரும்பியவர்களின் இடுப்பெலும்பு மாதமொன்றுக்கு ஒரு வீதத்துக்கும் மேலாகக் குறைந்ததை அளந்து கண்டிருக்கிறார்கள். மண்வெட்டி பிடித்து, நாற்று நட்டு, விறகு சுமந்து திரிந்தவர்களை ஒரு தறப்பாளின் கீழ் மாதக்கணக்காக இருத்திவைத்தால் எலும்பும் அதையே செய்யும். போரில் ஒரு காலை இழந்தவர்களுக்கு அந்தப் பக்கத்துத் தொடையெலும்பு மற்றதைவிட மெலிந்திருப்பது வழக்கம். செயற்கைக் காலைக் கழற்றி மூலையில் வைத்துவிடாமல் அணிந்து நடப்பது நல்லது. பொருந்தாவிட்டால் மாற்றித்தரக் கேளுங்கள். முள்ளந்தண்டில் காயப்பட்டு இடுப்புக்குக் கீழ் இயங்காதவர்களுக்கு எலும்பு மிக விரைவில் மெலியும். கட்டிலில் இருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது கால் முறுகுப்பட்டாலே முறியக்கூடும். அவர்களுக்கு நோவும் தெரியாது. பராமரிப்பவர்கள் காலைத் தாங்கித் தூக்கவேண்டும். தொடையிலோ முழங்காலிலோ புதிய வீக்கம் கண்டால் உடனே காட்டவேண்டும்.

பாலை விற்றுப் பால்மா வாங்குதல்

கல்சியம் என்றவுடன் குளிசை என்று நினைக்க வேண்டாம். எமது வளவுகளிலேயே போதிய அளவு இருக்கிறது.

ஒரு தம்ளர் பசுப்பாலில் 240 மில்லிகிராம் அளவு உண்டு. தயிரிலும் அவ்வாறே, மோரில் சேர்த்த தண்ணீருக்கு ஏற்பக் குறையும். ஆட்டுப்பாலும் பசுப்பாலுக்குக் குறைந்ததல்ல. மாடு வைத்திருக்கும் குடும்பங்கள் பல, காலையில் கறந்த பால் முழுவதையும் பால் சேகரிப்பு நிலையத்துக்குக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளுக்கு வெறுந்தேநீர் கொடுக்கின்றன. சில வீடுகளில் அந்தக் காசிலேயே கடையில் பால்மா வாங்குகிறார்கள். கடன் கட்டவேண்டிய நிலை எமக்குத் தெரியும். முழுவதையும் வீட்டில் வையுங்கள் என்று சொல்ல எமக்கு மனம் வராது. வீட்டில் உள்ள வளரும் பிள்ளைகளுக்கும் தாய்க்கும் அம்மம்மாவுக்கும் ஆளுக்கு ஒரு தம்ளர் என்று முதலில் அளந்து எடுத்துவைத்துவிட்டு மிகுதியைக் கொடுத்தால் என்ன? தாய்க்கும் என்று அழுத்திச் சொல்கிறோம். கணவனை இழந்து தனியே குடும்பத்தைச் சுமக்கும் பெண்கள் எல்லோருக்கும் கொடுத்து, சட்டியில் ஒட்டியிருப்பதைத் தாம் உண்பதை நாம் வீடு வீடாகக் கண்டிருக்கிறோம்.

குரக்கன் மாவில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவு கல்சியம் உண்டு. வெள்ளை அரிசியில் பத்து அளவுதான். குரக்கன் பிட்டும் ரொட்டியும் கூழும் ஏழைச் சாப்பாடு என்று ஒரு தலைமுறை ஒதுக்கிவிட்டது. இப்போது நீரிழிவுக்காரர் மட்டும் சாப்பிடுகிறார்கள். பிள்ளைகளுக்கும் கொடுங்கள்.

அகத்தியிலையில் 100 கிராமுக்கு 1,000 மில்லிகிராம் அளவும், முருங்கையிலையில் 200 முதல் 400 வரையும் இருக்கிறது. கீரையில் உள்ளது முழுவதும் உடலில் சேர்வதில்லை. பசளி, முளைக்கீரை போன்றவற்றில் ஒக்சலேற்று என்னும் பொருள் கல்சியத்தைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும். ஆகவே ஒரே கீரையை நம்பாமல் மாற்றி மாற்றிச் சமைப்பது புத்தி. வேலியில் ஒரு முருங்கையும் நாலு அகத்தியும் வைக்கக் காசு தேவையில்லை.

நெத்தலி, சூடை போன்ற சிறுமீன்களை முள்ளோடு மென்று உண்டால், அந்த முள்ளே கல்சியம்தான். நெத்தலிக் கருவாடும் நல்லது, ஆனால் உப்பைக் கழுவிவிட்டுச் சமையுங்கள். உப்புக் கூடினால் சிறுநீரோடு கல்சியமும் வெளியேறும். எள்ளில் நிறைய உண்டு. தோல் நீக்காத எள்ளு ஒரு மேசைக்கரண்டியில் 90 மில்லிகிராம் அளவு. ஆனால் நல்லெண்ணெயில் இல்லை! ஆட்டும்போது அது பிண்ணாக்கோடு போய்விடுகிறது. பிள்ளை பெரியபிள்ளையானவுடன் நல்லெண்ணெயும் முட்டையும் உழுத்தங்களியும் கொடுக்கும் எமது வழக்கம் நல்ல வழக்கம். அந்த வயதில்தான் எலும்பு மிக வேகமாக வளர்கிறது என்பதை முன்னோர் கண்டிருந்தார்கள் போலும். அதனோடு எள்ளுருண்டையையும் ஒரு தம்ளர் பாலையும் சேர்த்து, ஒரு மாதத்தோடு நிறுத்திவிடாமல் ஐந்தாறு ஆண்டுகளுக்குத் தொடருங்கள். ஆண்பிள்ளைகளுக்கு அந்த ஒரு மாதமும் இல்லை. அவர்களுக்கும் கொடுக்கத்தான் வேண்டும்.

வெற்றிலையோடு சுண்ணாம்பு போடுகிறோமே, அது கல்சியம்தானே என்று ஒரு ஐயா கேட்டார். சுண்ணாம்பில் கல்சியம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்றுநோயைக் கொண்டுவருபவை. புகையிலை எலும்பையும் மெலியச் செய்யும். அந்த வழியாகக் கல்சியம் தேடுவது வைக்கோற்போருக்கு நெருப்புவைத்துக் குளிர்காய்வதுபோல. கசிப்பும் சாராயமும் எலும்பையும் கெடுக்கும், ஆளையும் விழுத்தும்.

கல்சியம் குடலில் இருந்து உடலுக்குள் சேர விற்றமின் டி வேண்டும். அது வெயில் பட்டால் தோலில் உண்டாவது. வயலில் நிற்பவருக்குக் கவலையில்லை. ஆனால் வெயில் நாடாகிய எமது நாட்டிலும் அது குறைந்தவர்கள் இருக்கிறார்கள்: வீட்டைவிட்டு வெளியே வராத முதியவர்கள், விடியமுன் பஸ் ஏறி இருட்டியபின் திரும்பும் ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளைகள். விடியற்காலை இளவெயில் இதற்குப் போதாது. பத்து மணியளவில் கையிலும் காலிலும் வெயில் படும்படி கால் மணி, அரை மணி நேரம், வாரத்தில் சில நாட்கள் இருந்தால் நன்று. எமது கறுத்த தோலுக்குச் சற்றுக் கூடுதல் நேரம் வேண்டும்.

தண்ணீரைப்பற்றி ஒரு சொல்

யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்றுநீரில் கல்சியம் இருக்கிறது. அதையும் உடல் எடுத்துக்கொள்ளும். வவுனியா உட்பட உலர்வலயத்தின் சில பகுதிகளிலோ நிலத்தடி நீரில் புளோரைட் கூடுதலாக உண்டு. பிள்ளைகளின் பற்களில் மண்ணிறக் கறை காண்பது இதனாலேயே. நீண்டகாலம் மிகுதியாக உட்கொண்டால் எலும்பும் மூட்டும் இறுகி நோகும். புளோரைட் எலும்பைத் தடிப்பாக்குமே, நல்லதுதானே என்று எண்ணக்கூடாது. அமெரிக்காவில் இந்நோய் உள்ள பெண்களுக்கு அதிக அளவு புளோரைட் கொடுத்துப் பார்த்து 1990இல் முடிவை வெளியிட்டார்கள். முதுகெலும்பின் அடர்த்தி கூடியது. முறிவு குறையவில்லை, வேறு எலும்புகளில் முறிவு கூடியது. தடிப்பு வேறு, வலிமை வேறு. கொதிக்கவைத்தால் புளோரைட் போகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடவே செய்யும். பிள்ளைகளின் பல்லில் கறை கண்டால், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிக் கிணற்றுநீரைச் சோதிக்கச் செய்யுங்கள். மழைநீர் சேகரித்துக் குடிப்பது நல்ல மாற்று. சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் கல்சியக் குளிசையோ விற்றமின் டியோ போடக்கூடாது.

விழாமல் இருக்க

எலும்பு மெலிந்த ஒருவர் விழாவிட்டால் இடுப்பு முறியாது. எனவே வீட்டைப் பார்க்கவேண்டும். இங்கே எமது தவறொன்றையும் சொல்லவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நாம் முன்நின்று கட்டிக்கொடுத்த வீடுகளில் வெள்ளத்துக்குப் பயந்து அத்திவாரத்தை உயர்த்தினோம். வாசலில் மூன்று உயரமான படிகள், பிடிக்க ஒன்றுமில்லை. மலசலகூடம் வீட்டில் இருந்து முப்பது யார் தள்ளி. இரவில் ஆச்சி எப்படிப் போவார் என்று படம் வரைந்த பொறியியலாளரும் நினைக்கவில்லை, கையொப்பமிட்ட நாமும் நினைக்கவில்லை. அப்படிகளில் விழுந்து ஒருவர் இடுப்பு முறிந்த பிறகே கைபிடி போட்டோம்.

ஒரு துண்டு இரும்புக் குழாயோ, கமுகஞ் சலாகையோ போதும். இடுப்பளவு உயரத்தில் படியருகிலும் மலசலகூடத்துக்குள்ளும் இறுக்கிக் கட்டுங்கள். இரவில் எழும்புபவரின் தலைமாட்டில் டோர்ச் லைற் இருக்கட்டும். கிணற்றடிப் பாசியைத் தேய்த்துவிடுங்கள். முற்றத்தில் ஆட்டுக் கயிற்றைக் குறுக்கே விடவேண்டாம். தேய்ந்த செருப்பு வழுக்கும். கண் மங்கியவர்களைக் கண் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். பிரஷருக்குக் குளிசை எடுப்பவர்கள் படுக்கையில் இருந்து திடீரென எழும்பாமல், சற்று இருந்துவிட்டு எழும்பவேண்டும்.

விழுந்துவிடுவார் என்ற பயத்தில் முதியவர்களை இருத்திவைப்பது இன்னும் பிழை. ‘நீங்கள் சும்மா இருங்கோ அம்மா’ என்று அன்போடு சொல்லி மண்வெட்டியைப் பறிக்கிறோம். கால் தசை மெலிந்தால் விழுவதும் கூடும். கோழிக்குத் தீன் போடட்டும், பூங்கன்றுக்குத் தண்ணீர் விடட்டும், கோயிலுக்கு நடக்கட்டும். கதிரையில் இருந்து கையூன்றாமல் ஐந்தாறு தடவை எழுந்து இருப்பதும், சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்குவதும் எவரும் செய்யலாம். முதுகு ஏற்கனவே நசிந்தவர்கள் மட்டும் குனிந்து பாரம் தூக்கக்கூடாது. முழங்காலை மடித்து, அரைவாளியாகத் தூக்கவேண்டும்.

முறிந்தால், முறியுமுன்

விழுந்த ஒருவரால் எழும்ப முடியாமல், ஒரு கால் சற்றுக் குட்டையாகி வெளிப்புறம் திரும்பிக் கிடந்தால் இடுப்பு முறிந்திருக்கிறது. இழுக்கவோ உருவவோ வேண்டாம். பலகையில் அல்லது கட்டிலோடு தூக்குங்கள். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். பத்துப் போட்டுப் படுக்கவைத்தால் சேரும் முறிவு இதுவல்ல. இரண்டொரு நாட்களுக்குள் சத்திரசிகிச்சை செய்து, மறுநாளே எழுப்பி நிறுத்த முயல்வதுதான் இன்றைய முறை. இடுப்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவர் அளவு ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள். படுக்கைப் புண்ணும் நியூமோனியாவுமே பெரும்பாலும் கொண்டுபோகின்றன. ‘வயது போன ஆளுக்கு ஏன் ஒப்பரேசன்’ என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

முறியுமுன் அறிய, கதவு நிலையில் ஐம்பது வயதில் உங்கள் உயரத்தைக் குறித்துவையுங்கள். பின்னர் நாலு சென்ரிமீற்றருக்கு மேல் குறைந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். பெற்றோருக்கு இடுப்பு முறிந்திருந்தாலோ, மிகவும் மெலிந்திருந்தாலோ, முன்பு ஒருமுறை முறிவு கண்டிருந்தாலோ அதையும் சொல்லவேண்டும். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா என்னும் இயந்திரம் சிறிய ஆஸ்பத்திரிகளில் இல்லை. ஆனாலும் ஒரு முறிவைக் கண்ட வைத்தியர் அது இல்லாமலும் மருந்து தொடங்கலாம். முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்கள் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போகும்போது இதைப்பற்றியும் கேளுங்கள்.

போகும்போது எடுக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் பையில் கொண்டுபோங்கள். முக்கியமாக பிரெட்னிசலோன். தொய்வுக்கும் மூட்டு வாதத்துக்கும் கொடுக்கப்படும் இந்தக் குளிசை அவசரத்துக்கு உயிர் காப்பது. மாதக்கணக்காக எடுத்தால் எலும்பை மெலியச் செய்யும். அதைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்து. வைத்தியரே குறைத்துத் தரவேண்டும். தொய்வுக்கு வாயால் இழுக்கும் பம்மில் இந்தப் பாதிப்பு மிகக் குறைவு, அதற்குப் பயப்பட வேண்டாம். பெயரில்லாத பொட்டலத்தில் ‘இரண்டே நாளில் வாதம் பறக்கும்’ என்று விற்கப்படும் தூள்களில் இதே மருந்து கலந்திருக்கக்கூடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

நோய்க்கு வழமையாகத் தொடங்கும் மருந்து அலென்ட்ரொனேற். வாரத்துக்கு ஒரு குளிசைதான். ஆனால் எடுக்கும் முறை முக்கியம். காலையில் வெறுவயிற்றில், ஒரு தம்ளர் நிறைந்த வெறும் தண்ணீரோடு விழுங்கவேண்டும். தேநீரோ பாலோ கூடாது. அதன்பின் அரைமணி நேரம் படுக்கவோ சாப்பிடவோ கூடாது. படுத்தால் குளிசை தொண்டைக்குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கக் கடினப்படுபவர்களும், சிறுநீரகம் பழுதுபட்டவர்களும், பல் பிடுங்க இருப்பவர்களும் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

கிணற்றடி அம்மா இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார். முதுகு பழையபடி நிமிரவில்லை. நசிந்த எலும்பு நிமிராது. வாரக் குளிசைக்கு ஞாயிற்றுக்கிழமையைத் தெரிந்துகொண்டிருக்கிறார், மறக்காது என்று. நற்கருணைக்கு முன் குளிசை எடுக்கலாமோ என்ற தயக்கத்தில் முதல் இரண்டு வாரமும் எடுக்காமலே பூசைக்கு வந்திருக்கிறார். தண்ணீரும் மருந்தும் நற்கருணை நோன்பை முறிப்பதில்லை என்று விளக்கினோம். இப்போது விடிய எழும்பிக் குளிசையை விழுங்கிவிட்டு, படுக்கக்கூடாத அந்த அரைமணி நேரத்தில் கோயிலுக்கு நடந்து வந்துசேர்கிறார்.